றோஸி அன்ரி வீட்டு ஓர்க்கிட்

வெள்ளவத்தை,
24.05.1998

அன்பு மகள் வாசுகிக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மற்றதைக் கீழே எழுதுகிறேன். நீயும் மருமகனும் நீ சுமக்கும் பிள்ளையும் குறைவில்லாமல் இருக்க வேண்டுமென்று அப்பா காலையில் சாமிப் படத்துக்கு முன்னால் நின்று கேட்கிறார். நான் கேட்பதில்லை என்பது உனக்குத் தெரியும், ஆனால் இப்போதெல்லாம் அவர் முடிக்கும்வரை பக்கத்தில் நிற்கிறேன். இந்தக் கடிதம் நேசமலரின் கையோடு வருகிறது. ஊரில் என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் விலங்கியல் படிப்பித்தவர், உனக்கு நினைவிருக்கும், மகனைப் பார்க்க ஒஸ்லோ வருகிறார், அங்கேயிருந்து உனக்குத் தபாலில் போடுவார். வறுத்து இடித்த மிளகாய்த்தூளும் பிள்ளை பெற்ற பிறகு குடிக்கச் சரக்குத்தூளும் என்னுடைய பழைய பருத்திச் சேலை இரண்டைக் கிழித்துத் துவைத்து மடித்த துணிகளும் கொடுத்துவிட்டிருக்கிறேன், புதுத் துணியைப் பிள்ளையின் உடம்பில் போடாதே, பழையதுதான் மெத்தென்று இருக்கும். இங்கிருந்து தபாலில் போடுவதென்றால் இப்படி எழுத முடியாது. உறையின் ஓரம் இரண்டாம் தரம் ஒட்டியது போல் இருந்ததென்று நீயே எழுதியிருந்தாய்.

போனில் நான் ஓம், இல்லை, சாப்பிட்டோம், சுகம் என்பதற்கு மேல் ஒன்றும் கதைப்பதில்லை என்று நீ மனம் நொந்து அழுததாக மருமகன் அப்பாவிடம் சொன்னாராம். பிள்ளை, அந்தப் போன் இருப்பது எங்கள் அறையில் இல்லை. நீ இந்த வீட்டைப் பார்த்ததில்லை, அதனால் சொல்கிறேன். காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்று, அதில் ஒரு பழைய வீடு, முன்பகுதியில் வீட்டுக்காரி றோஸி அன்ரி, பின்னால் இரண்டு அறையும் ஒரு குசினியும் எங்களுக்கு. அன்ரி கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர், தமிழும் சிங்களமும் இங்கிலிசும் ஒரே வசனத்துக்குள் வரும், புருசன் நிக்கலஸ் துறைமுகத்தில் வேலை செய்து செத்துப்போய்ப் பல வருசம். போன் அவரின் ஹோலில், அவர் மாலையில் இருக்கும் கதிரைக்குப் பக்கத்தில். உன் குரல் ரிசீவரைத் தாண்டி வெளியே வரும், நீ சின்னதிலிருந்தே சத்தமாகத்தான் கதைப்பாய். நீ வைத்த பிறகு அன்ரி, மகளுக்கு இப்ப வாந்தி சத்தி நிண்டுட்டுதாமே என்று என்னிடமே செய்தி சொல்வார். கெட்ட மனுசி இல்லை. ஆனால் பொலிசில் எங்கள் பெயரைப் பதியும் படிவத்தில் கையெழுத்துப் போடுவது அவர்தான், அவர் போடாவிட்டால் நாங்கள் இந்த நகரத்தில் இருக்கிறோம் என்பதற்கே ஆதாரம் இல்லை. அப்படிப்பட்ட ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கும்போது எதைக் கதைப்பது.

முதலில் நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன், பிறகு எழுத மனம் வருமோ தெரியாது. நீ அனுப்பிய படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டு நோர்வேக்காரி ஓர்க்கிட் என்று தந்ததாக எழுதியிருக்கிறாய். மண்ணுக்கு மேலே பச்சையாய் ஒரு உருண்டை, அதன் உச்சியிலிருந்து நீள நீளமாய் இலை, உருண்டையின் தோலுக்குள்ளே சின்னச் சின்னப் புடைப்பு. மேலே தெரியும் உருண்டையைக் கண்டு ஓர்க்கிட் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர், ஏனென்றால் பல ஓர்க்கிட்டுகளுக்கும் அடியில் அப்படி ஒரு தடிப்பு உண்டு. ஆனால் ஓர்க்கிட்டின் தடிப்பு தண்டு வீங்கி வருவது, வெட்டினால் உள்ளே ஒரே சதை, கரும்பை வெட்டினது போல் நார் தெரியும். உன்னுடையதன் காய்ந்த வெளித்தோலை மெல்ல உரித்துப் பார், கீழே இன்னொரு தோல், அதற்குக் கீழே இன்னொன்று, வெங்காயம் போல அடுக்கடுக்காய் வந்தால் அது ஓர்க்கிட் இல்லை. வேரையும் பார். ஓர்க்கிட்டின் வேர் தடித்து, வெள்ளையாய், பஞ்சு சுற்றினது போல் இருக்கும், சாடிக்கு வெளியேயும் தொங்கும். உன்னுடையதில் மெல்லிய நார்தான் இருக்குமென்று நினைக்கிறேன். அந்தப் புடைப்புகள் அதன் குட்டிகள், தோல் வெடித்ததும் விழுந்து தனியாக வேர்விடும். அதன் பாலைக் கையில் படவிடாதே, இந்தச் சாதிகளில் சிலதன் பால் பட்ட இடம் கடித்துச் சொறியும், பிள்ளை தவழத் தொடங்கினால் உயரத்தில் தூக்கி வை. பெயர் என்ன என்று கேட்டால், பூக்கட்டும், பூவைப் படமெடுத்து அனுப்பு, அதற்குப் பிறகு சொல்கிறேன். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் எங்களுக்கு ஸ்பொட் பரீட்சை வைப்பார்கள், மேசைக்கு மேசை ஒரு மாதிரி இருக்கும், மணி அடித்ததும் அடுத்த மேசைக்குப் போக வேண்டும். மற்றப் பிள்ளைகள் எதையாவது எழுதிவிட்டுப் போவார்கள். பூவில்லாத மாதிரிக்கு முன்னால் நான் பூவில்லை, சொல்ல இயலாது என்று எழுதுவேன். அதற்குப் புள்ளி தந்தார்கள். அந்தப் பழக்கம்தான் இப்போது எங்களை இந்தப் பாடு படுத்துகிறது.

போன மார்கழி நத்தாருக்கு றோஸி அன்ரியின் மச்சாள் ஒருத்தி குருநாகலிலிருந்து மூன்று சாடி கொண்டுவந்து கொடுத்தார், ஓர்க்கிட், கவனமாய்ப் பாருங்கோ என்று. தண்டு ஒன்றும் இல்லை, மண்ணிலிருந்தே அகன்ற இலை, மேற்புறம் வெள்ளி பூசின மாதிரிக் கீறல், அடிப்புறம் ஊதா. ஓர்க்கிட் இலை அப்படி இராது என்று அப்போதே நினைத்தேன், சொல்லவில்லை, கேட்காத இடத்தில் எனக்கென்ன. தை மாதத்தில் இலை மஞ்சளாகி விழுந்துவிட்டது. அன்ரி செத்துப்போச்சு என்று சொல்லி, மண்ணை றெயில் பாதைப் பக்கம் கொட்டிவிட்டுச் சாடியைக் கழுவி வைக்கச் சொன்னார். கொட்டுமுன் விரலால் கிளறிப் பார்த்தேன். செத்த செடியின் கிழங்கு சூம்பிக் கிடக்கும், இது கல்லுப் போல் இருந்தது, அதன் வேர்களின் நுனியில் சின்ன முட்டைகள் மாதிரித் தொங்கின. நகத்தால் கீறி மணந்தேன், கற்பூரமும் இஞ்சியும் கலந்த ஒரு வாசம். செத்ததில்லை, நித்திரை. சில செடிகள் மழையில்லாத மாதங்களில் மேலே எல்லாவற்றையும் உதிர்த்துவிட்டுக் கீழே கிடக்கும், அந்த நேரம் தண்ணீர் விட்டால்தான் அழுகும். அதனால் மூன்று சாடியையும் படிக்குக் கீழே உள்ள அலுமாரிக்குள், அன்ரியின் நத்தார்க் குடில் பொம்மைகளுக்குப் பக்கத்தில், காய்ந்த மண்ணோடு அப்படியே வைத்தேன். அன்ரியிடம் சொல்லவில்லை. பூத்தால் காட்டலாம் என்று ஒரு ஆசை. இத்தனை வருசத்தில் எனக்கென்று ஒரு செடி இல்லை, பிள்ளை, டியூசனில் கரும்பலகையில் கீறுகிற செடிதான்.

ஜனவரி கடைசியில், சுதந்திர தினத்துக்கு முந்தின கிழமை, ஒழுங்கை முழுவதையும் சுற்றிவளைத்தார்கள். விடிந்து புட்டு அவிந்துகொண்டிருந்த நேரம். அடையாள அட்டை, பொலிஸ் பதிவு எல்லாம் ஒழுங்காக இருந்தது, அவர்களும் மரியாதையாகத்தான் நடந்தார்கள். ஒரு இளம் சிப்பாய் படிக்குக் கீழே அலுமாரியைத் திறந்து யோசேப்பையும் மாதாவையும் ஆட்டுக்குட்டிகளையும் ஒவ்வொன்றாய் வெளியே எடுத்து வரிசையாக வைத்தான், அதற்குப் பின்னால் செடியில்லாத மூன்று சாடி. வெறும் காய்ந்த மண்ணை யார் பூட்டி வைப்பார்கள். அவன் அதிகாரியைக் கூப்பிட்டான். ஹோலில் நின்ற அன்ரியிடம் அதிகாரி கேட்க, ஐயோ மல்லி, தம்பி, அது ஓர்க்கிட், என்ட மச்சாள் தந்தது, செத்துப்போச்சு, எறியச் சொல்லி ரெண்டு கிழமை, இந்த மனுசி ஏன் வைச்சிருக்கு எண்டு எனக்கெப்படித் தெரியும் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டார். அது உண்மைதானே. குசினி வாசலில் நின்ற என்னிடம் அதே கேள்வி. என்ன செடி என்றார். தெரியாது என்றேன். செடி எங்கே என்றார். நித்திரை என்றேன். எனக்கு வந்த சிங்களம் அவ்வளவுதான். அப்பாவை முற்றத்தில் வேறாக நிறுத்தியிருந்தார்கள், நாங்கள் என்ன சொன்னோம் என்று அவருக்குக் கேட்கவில்லை, உதவி செய்கிறேன் என்று நினைத்து, அது கிழங்கு சேர், சமைக்கிற கிழங்கு என்றிருக்கிறார். அதிகாரி மூன்றையும் எழுதிக்கொண்டு, ஒரு சாடிக்குள் பூவும் இருக்கிறது, கறியும் இருக்கிறது, தெரியாததும் இருக்கிறது என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். மண்ணைக் கொட்டிக் கிளறினார்கள், கிழங்கைத் தவிர ஒன்றுமில்லை, ஆனாலும் கிழங்கையும் சாடியையும் அப்பாவையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். புட்டு அடிப்பிடித்த மணம் வந்த பிறகுதான் எனக்கு அசைவே வந்தது.

இதை உனக்கு அப்போது சொல்லவில்லை. நீ அந்த ஞாயிறு போன் எடுத்தபோது அப்பா கோயிலுக்குப் போயிருக்கிறார் என்று சொன்னேனே, அது பொய். அன்ரி கதிரையில் இருந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் ஸ்டேசனுக்கு என்னோடு வந்ததும் அவர்தான், அதையும் எழுத வேண்டும். ஆட்டோவில் போகும்போது வழி முழுக்க ஏச்சு. கிழங்காம் கிழங்கு, உம்மட மனுசனுக்கு எப்ப பாத்தாலும் சாப்பாடு நினைப்பு, நீர் பெரிய டிகிரிக்காரி, வாயைத் திறந்து ஓர்க்கிட் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா அந்தாள் இண்டைக்கு வீட்டில, என்ட வீட்டுக்கு ஒரு நாளும் ஜீப் வந்ததில்லை, மாத முடிவில வேற இடம் பாரும் என்றார். அதே மூச்சில் ஆட்டோக்காரனிடம் மெல்லப் போ மல்லி, இந்த அக்காவுக்குத் தலை சுத்துது என்றார். வேறு இடம் என்று எதைப் பார்ப்பது. வடக்குப் பெயரோடு வருகிறவர்களுக்கு, அதுவும் ஒரு தரம் ஜீப் வந்த வீட்டிலிருந்து வருகிறவர்களுக்கு, இப்போது யார் கதவைத் திறக்கிறார்கள். ஊருக்குத் திரும்புவதென்றால் பாதை இல்லை, கப்பலுக்கும் அனுமதி வேண்டும், போய்ச் சேர்ந்தாலும் வீடு இராணுவத்தின் அதி உயர் பாதுகாப்பு வலயத்துக்குள்.

இன்ஸ்பெக்டர் அதட்டுகிற ஆள் இல்லை. அதட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திராது. கதிரை தந்தார், பிளேன்ரீ வருவித்தார், இங்கிலிசில் கதைத்தார். என் பெயர், படிப்பு கேட்டார். பேராதனை, தாவரவியல் என்றதும் பேனையை வைத்துவிட்டு, தாவரவியல் பட்டதாரி ஒருவர் தன் வீட்டுச் செடியைத் தெரியாது என்றால், அது தெரியாததா, சொல்ல விருப்பமில்லாததா என்றார். பூவில்லாமல் நிச்சயமாகச் சொல்ல முடியாது, பூத்ததும் சொல்லலாம் என்றேன். அவர், அப்படியென்றால் பூக்கும்வரை உங்கள் கணவரை நான் வைத்திருக்கட்டுமா என்றார். சிரிக்கவில்லை. பிறகு அவரே, என் மனைவி வீடு நிறைய ஓர்க்கிட் வைத்திருக்கிறார், எனக்கு ஒன்றும் விளங்காது, வீட்டுக்காரம்மா ஓர்க்கிட் என்கிறார், நீங்களும் அதையே எழுதித் தந்தால் ஒரே பதிலாகிவிடும், ஒரே பதில் இருந்தால் எனக்கும் லேசு என்றார். அன்ரி மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். இங்கிலிசில் எழுதினேன், என் கையெழுத்தில், பட்டத்தையும் போட்டு. இந்தக் கிழங்குகள் ஓர்க்கிட் இனத்தைச் சேர்ந்தவை என்று உறுதி கூறுகிறேன் என்று. அந்த இஞ்சி வாசம் அப்போதும் என் நகத்தில் இருந்தது போல் ஒரு எண்ணம். மறுநாள் பின்னேரம் அப்பாவை விட்டார்கள். கிழங்கையும் ஒரு கடதாசிப் பையில் போட்டுச் சாடிகளோடு தந்தார்கள். போகும்போது இன்ஸ்பெக்டர், பூத்ததும் சொல்லுங்கள், என் மனைவிக்குப் பார்க்க விருப்பம் என்றார்.

அப்பாவுக்கு அங்கே என்ன நடந்ததென்று கேட்டேன், ஒன்றுமில்லை, ஒரு மர வாங்கில் இருந்தனான் என்றார், அதற்கு மேல் இல்லை. நீயும் கேட்காதே. முந்தி மாலையில் பாமன்கடைப் பக்கம் நடந்து போய்ச் சிநேகிதர் சிவபாதசுந்தரத்தோடு பேப்பர் வாசித்துவிட்டு வருவார், அது நின்றுவிட்டது. அடையாள அட்டை சட்டைப் பையில், சட்டையைக் கழற்றினால் சாரத்தின் மடிப்பில். குளிக்கும்போது எனக்குத் தருவார், வந்ததும் கையை நீட்டுவார். ஒழுங்கை முடிவில் கடல், இரவும் பகலும் சத்தம் கேட்கிறது, நாங்கள் கடலைப் பார்த்து எத்தனை மாதம் என்று நினைவில்லை, றெயில் பாதைக்கு இங்காலேயே தடை போட்டுக் காவல் வைத்திருக்கிறார்கள். நான் டியூசனுக்குப் போய் வருகிறேன், அந்தப் பாதையில் ஒரு சென்றி, சோதனைக் காவல், அதைத் தாண்டினால் வீடு. ஒரு நாள் அப்பா சிரித்தார், இந்தக் கதை நடந்த பிறகு ஒரே ஒரு தரம். இங்குரு எண்டு ஒரு சொல் சொல்லியிருக்கலாமே, சிங்களத்தில இஞ்சிக்கு அதுதானே, உனக்கு அது இஞ்சிச் சாதி எண்டு தெரியுந்தானே என்றார். நிச்சயமில்லாமல் எப்படிச் சொல்வது என்றேன். நல்ல மனுசியைக் கட்டினன் என்று சொல்லிச் சிரித்தார், எனக்கும் சிரிப்பு வந்தது.

இப்போது விசயத்துக்கு வருகிறேன். ஆகஸ்டில் உன் பிள்ளைப்பேற்றுக்கு நான் வந்து நிற்க வேண்டும் என்று நீ அழைப்பு அனுப்பியிருக்கிறாய். எம்பசியில் ஜூன் கடைசியில் நேர்முகம் தந்திருக்கிறார்கள். அவர்களுக்கு வீட்டுக்காரியின் கடிதம் வேண்டும், பொலிஸ் றிப்போர்ட்டும் வேண்டும். றிப்போர்ட் வர வேண்டியது அதே ஸ்டேசனிலிருந்து, கையெழுத்து அதே இன்ஸ்பெக்டரின் கையெழுத்து. அதனால் மழைக்கு முன் இப்படிப் பயந்தேன், அந்தச் சாடி பூத்தால் என்னைப் பொய்க்காரி என்று காட்டும், பூக்காவிட்டால் எதை மறைக்கிறாய் என்று கேட்க வைக்கும். கிழங்கைச் சுடுதண்ணீரில் போட்டுச் சாகடித்தால் என்ன என்றுகூட நினைத்தேன். கேத்தில் கொதித்தது, ஊற்ற மனம் வரவில்லை, தேத்தண்ணீர் போட்டேன். அன்ரி மட்டும் மாறிவிட்டார். இன்ஸ்பெக்டரே விசாரிக்கிற செடி தன் வீட்டில் இருக்கிறதென்றதும் வேறு இடம் பார்க்கிற கதை நின்றுவிட்டது. கிழங்குகளைத் திரும்ப நட்ட சாடிகளை முன் வராந்தாவில் வைத்து, நிக்கலஸின் பழைய குடையை வெயிலுக்கு விரித்து, தேவாலயத்துக்குப் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் பொலிஸ் ஓர்க்கிட் என்று காட்டினார்.

ஏப்ரல் கடைசியில் முதல் மழை பெய்தது. நாலைந்து நாளில் வெறும் மண் வெடித்து, இலை ஒன்றும் இல்லாமல், தரையோடு தரையாகப் பூ வந்தது. வெள்ளைவெளேரென்று நீள் இதழ், நடுவில் இளம் ஊதாவில் இரண்டாகப் பிளந்த ஒரு உதடு, அவ்வளவு வாசம். யாரிடம் காட்டினாலும் ஓர்க்கிட் என்றுதான் சொல்வார்கள், நானும் தூரத்திலிருந்து பார்த்து ஒரு நிமிசம் அப்படி நம்ப ஆசைப்பட்டேன். குனிந்து பார்த்தேன். ஓர்க்கிட் பூவில் மகரந்தமும் சூலகத் தண்டும் ஒட்டி நடுவில் ஒரே தூணாக நிற்கும். இதில் தனியாக ஒரு கேசரம், அதன் இடுக்கு வழியாக நூல் போல் ஒரு தண்டு. இஞ்சிக் குடும்பம், சந்தேகமே இல்லை. நித்திரையில் கிடந்தபோது தெரியாது என்றேன், விழித்ததும் தெரிந்துவிட்டது, தெரிந்த பிறகு சொல்ல முடியவில்லை. அந்தப் பூ மறுநாள் வாடிவிடும், ஒருவருக்கும் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று யோசித்துக்கொண்டு நிற்கும்போதே ஹோலிலிருந்து அன்ரியின் குரல், ஹலோ சேர், உங்கட ஓர்க்கிட் பூத்திட்டுது, சுறுக்கா வாங்கோ என்று இங்கிலிசும் சிங்களமுமாய்.

ஒரு மணித்தியாலத்துக்குள் ஜீப் வந்து நின்றது. ஒழுங்கையில் ஒவ்வொரு திரைச்சேலையும் அசைந்தது. அப்பா சட்டையின் கழுத்துப் பொத்தான்வரை பூட்டி, பையில் கையை வைத்துக்கொண்டு சுவரோடு நின்றார், அவர் நின்ற நிலையை என்னால் எழுத முடியாது. இன்ஸ்பெக்டரின் மனைவி என் வயதுதான், சின்ன உடம்பு, கண்டிச் சேலை ஒசரி உடுத்து, கைப்பையை என்னிடம் தந்துவிட்டு, மரியாதை பார்க்காமல் நிலத்தில் குந்தினார். முதலில் மணந்தார். பிறகு சின்ன விரலால் அந்த ஊதா உதட்டை மெல்ல விலக்கி உள்ளே பார்த்தார். நான் எதைத் தேடினேனோ அதையேதான் அவரும் தேடினார், அந்தத் தூணை. அங்கே தூண் இல்லை. தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் சிங்களத்தில், என்ன, ஓர்க்கிட் தானா என்றார். ஓம், ஓர்க்கிட் தான், மண்ணில் வளருகிற வகை, லேசில் கிடைக்காது என்றார் மனைவி. குரலில் ஒரு மாற்றமும் இல்லை. அன்ரி கைதட்டினார், நான் சொன்னன் தானே சேர் என்றார். இன்ஸ்பெக்டருக்கும் பெரிய ஆறுதல் போல, அப்பாவின் தோளில் தட்டி, கிழங்குக்கறி எப்படி மாஸ்டர் என்று பகிடி விட்டார், அப்பாவும் சிரிக்க வேண்டியிருந்தது. போகும்போது மனைவி கைப்பையை வாங்கிக்கொண்டு, மற்றவர்களுக்குக் கேட்காத மாதிரி, என் அம்மா வீட்டில் கிணற்றடி முழுக்க இது நிற்கிறது, சுளுக்குக்கு அரைத்துக் கட்டுவோம் என்று சொன்னார். சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார்.

அன்றிரவு அப்பா, நல்ல மனுசி, கும்பிட வேணும் என்றார். எனக்கு அவ்வளவு சுலபமாகச் சொல்ல வரவில்லை. இந்த ஒழுங்கையில் இதுவரை உண்மை தெரிந்தவர்கள் நானும் உன் அப்பாவும்தான். இப்போது மூன்றாவதாக ஒருவர், அவர் யாருடைய வீட்டில் இருக்கிறார் என்று பார். வெசாக் பெருநாளுக்கு ஒரு தட்டுப் பலகாரம் ஒரு கொன்ஸ்டபிளிடம் கொடுத்தனுப்பினார். வெறும் தட்டைத் திருப்பக்கூடாதென்று ஒரு கிழங்கை மண்ணோடு வைத்து அனுப்பினேன். போன கிழமை அவரே ஆட்டோவில் வந்து அன்ரியோடு ஒரு பிளேன்ரீ குடித்தார். புறப்படும்போது, ஆகஸ்டில் இலை நல்லாய் விரிந்து வடிவாய் இருக்கும், அப்ப திரும்பப் பார்க்க வருவேன், நீங்கள் இங்கே இருப்பீர்கள் தானே என்று என்னிடம் கேட்டார். என்னுடைய றிப்போர்ட் விண்ணப்பம் அவருடைய கணவரின் மேசையில் கிடப்பது அவருக்குத் தெரியுமோ, தெரியாமல் கேட்டாரோ, தெரிந்து என்னை ஆழம் பார்த்தாரோ, அல்லது ஒரு செடியைப் பற்றிக் கதைக்க ஆளில்லாத மனுசியோ, நான் இரவெல்லாம் யோசித்தும் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. இருப்பேன் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது. றிப்போர்ட் இன்னும் வரவில்லை. கேட்டுப் போனால் அவசரப்படுகிறேன் என்பார்கள், போகாவிட்டால் மறந்துவிடுவார்கள்.

ஆகவே நான் வருவேன் என்று நம்பி மருமகனை லீவு எடுக்காமல் இருக்க விடாதே. வந்தால் வந்ததுதான். சரக்கரைக்க ஆளில்லாவிட்டால் தூளையாவது கரைத்துக் கொதிக்க வைத்துக் குடி, வேப்பிலைக்கு அங்கே எங்கே போவாய், அது இல்லாவிட்டாலும் ஒன்றும் குடிமுழுகாது, இதெல்லாம் விஞ்ஞானம் இல்லை. இரும்புக் குளிசையை மட்டும் விடாதே. மழையில் படி நனைந்திருந்தால் மருமகனின் கையைப் பிடித்து இறங்கு, வெட்கப்படாதே. உன் செடியைத் தொட்டால் கை கழுவு. அதன் பூ வந்ததும் படமெடுத்து அனுப்பு என்று மேலே எழுதியிருக்கிறேன், அனுப்பு, உனக்காவது சரியான பெயரைச் சொல்கிறேன். ஆனால் அந்த நோர்வேக்காரி ஓர்க்கிட் என்று சொன்னால் ஓம் என்று சொல்லிவிடு. அவளோடு நீ அங்கே இருக்க வேண்டும்.

அப்பா உனக்கும் மருமகனுக்கும் ஆசி சொல்லச் சொன்னார், பிள்ளை சுகமாய்ப் பிறந்து, நல்ல வெளிச்சத்தில், யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாமல் வளரட்டும் என்று. அதில் என்னுடையதும் இருக்கிறது. கடைசியாக ஒன்று, மறந்துவிடாதே. இந்தக் கடிதம் கிடைத்த பிறகு வாற ஞாயிறு போன் எடுக்கும்போது சுகம் கேட்க முன்னமே, அம்மா, உங்கட ஓர்க்கிட் எப்படி என்று கேள். எப்போதும் போல் சத்தமாய்க் கேள், கதிரைவரை கேட்கட்டும். நல்லாய் இருக்கு பிள்ளை, இலை விடுகுது என்று நான் சொல்வேன். அதை அப்படியே கேட்டுக்கொள்.

உன் நினைவோடு,
அம்மா